நுவரெலியா மலையில் அக்காவின் ஒற்றையடிப் பாதை

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் தகரப் பெட்டியைத் திறந்ததும், வேட்டி சட்டை, கம்பளி மப்ளர், புளியோதரைத் தூக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியில் கிடந்த புடவையைத்தான் முதலில் எடுத்தார். பட்டை ஒளித்து வைக்க முடியாது. மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்கில் கரை. நானே நெய்தது. கப்பலில் இருந்து இறங்கிய கூட்டம் வரிசையை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தது.

"இது ஆருக்கு?" என்றார், யாழ்ப்பாணத் தமிழில்.

"எங்கக்காவுக்கு சார். நுவரெலியால இருக்குது."

"விக்கிறதுக்கோ?"

"விக்கிறதுக்குன்னா ஒண்ணே ஒண்ணு எடுத்தாருவனா சார்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபப்படவில்லை. மடிப்பைப் பிரித்தார். முந்தானை மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தடவியிருந்தது.

"மஞ்சள் எல்லாம் வச்சுக் கிடக்கு. கலியாண வீடோ?"

"இல்ல சார். அக்கா ஆஸ்பத்திரில இருக்குது. ரொம்ப முடியலன்னு தந்தி வந்துச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்து, பெட்டி மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "கெதியாப் போம்" என்றார். சீக்கிரம் போவதற்கு என்ன, ரயில்தான் புறப்பட வேண்டும். அது இன்னும் வந்தே சேரவில்லை.

அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் புதுத் துணி எது வாங்கினாலும் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவோம். மஞ்சள் வைக்காத புதுத் துணி கோடி. கோடி செத்தவர்களுக்கு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிப் புடவை போயாக வேண்டும். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். தந்தி வந்த பிறகு விசா கையில் கிடைக்கச் சில நாட்கள் போயின. நான் கிளம்புகிற காலையில் தெருவில் ஒரு பெரிய மனிதர் அக்கறையாக, "எதுக்கும் ஒரு கோடி எடுத்துக்கினு போய்டுப்பா" என்றார். என் மனைவி விசாலம் அதைக் கேட்டுவிட்டாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். தறியிலிருந்து அறுத்து இரண்டு நாள்கூட ஆகாத அந்தப் புடவையை எடுத்து, மஞ்சளைக் குழைத்து மூலையில் அழுத்தித் தேய்த்தாள்.

"இனிமே இது கோடி ஆவாது. அக்கா இத்த கட்டித்தான் ஆவணும். போயி கட்டிவுட்டு, பாத்துட்டு வாங்க" என்றாள்.

பட்டில் ஏறிய மஞ்சள் போகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரசு அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். எனக்குக் கோர்வை போட்டவள். எங்கள் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிறவன் ஒருவன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளித் தருகிறவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் கை ஒத்துப் போக வேண்டும், இல்லையென்றால் கரையும் உடலும் சேரும் இடம் பல்லைக் காட்டும். அக்கா இருந்தவரை எனக்கு ஒரு புடவையும் பல்லைக் காட்டியதில்லை. இலங்கையில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த தணிகாசலம் மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, வேறு ஆளை வைத்து நெய்ய முடியாமல் கொஞ்ச காலம் தறியை மூடியே வைத்திருந்தேன். கோபத்துக்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது அழுகைதான்.

மலை ஏறுகிற ரயிலில் எனக்கு எதிரே ஒரு கொழும்புக் குடும்பம். நுவரெலியாவில் அப்போது சீசன். குதிரைப் பந்தயம், பூக் கண்காட்சி, ஏரியில் படகு என்று கொழும்பே பெட்டி கட்டிக்கொண்டு மேலே வருகிற காலம். குழந்தைகளுக்கு இப்போதே கம்பளிக் குல்லா மாட்டிவிட்டிருந்தார்கள், வேர்த்துக் கொட்டியது. அந்த வீட்டு அம்மாள் வாழையிலையில் கட்டிய சோற்றை எனக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். பக்கத்தில் இருந்த தமிழர் எடுத்துச் சொன்னார்: "முதல்தடவை மலைக்கு வாறீங்களா, கொடுத்து வச்ச ஆள் என்று சொல்றாங்க." நான் சிரித்து வைத்தேன். சோறு நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் போட்ட பருப்பு. பசியில் அப்படிச் சாப்பிட்டதற்காகப் பிறகு வெட்கமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பூமி செங்குத்தாக நின்றது. நான் மலை பார்க்காதவன் இல்லை, திருத்தணி போயிருக்கிறேன். ஆனால் காஞ்சிபுரம் தேய்த்துப்போட்ட சப்பாத்தி மாதிரி ஊர். பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் என்று இருக்கிறது. பெயரில்தான் குன்றம், மூச்சு வாங்காமல் சைக்கிளில் போய்விட்டு வரலாம். நான் அதிகமாக நடப்பது விடிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போதுதான். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இழை ஒதுக்கிக்கொண்டே போவதும் வருவதும். மற்றபடி எங்கள் கால்களுக்குத் தறிக்குழிக்குள் மிதி மிதிப்பதுதான் வேலை.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகிற பஸ் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கித் தள்ளச் சொன்னார். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். பெட்டியைக் கீழே வையப்பா என்று எல்லா மொழியிலும் சொன்னார்கள். ஈரத் தரையில் வைக்க மனசு வரவில்லை. அக்கா உடுத்தப் போகிற புடவை என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

மாமா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தார். சில வருஷங்களுக்கு முன் அவருக்கு வலது கால் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து அவர் அறையிலேயே துணிகளை வைத்து விற்க, அக்கா புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து விற்றாள். கதவு திறந்திருந்தது. மாமா சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் விளக்கு எரிந்தது. அதன் முன்னால் ஒரு சொம்பு. நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"லேட்டா வந்துட்டியேப்பா" என்றார் மாமா.

நான் நின்றேன். பெட்டி இன்னும் தலையிலேயே இருந்தது. அவர்தான் ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து அதை இறக்கினார். அதன் பிறகு இரண்டு பேரும் அழுதோம். பக்கத்து அறைக்காரர்கள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

மார்ச்சளி முற்றி, போன வெள்ளிக்கிழமை போய்விட்டாளாம். மறுநாள் எடுத்துவிட்டார்கள். நான் விசாவுக்காகச் சென்னையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள். மாமா அடித்த இரண்டாவது தந்தி எங்கள் கைக்கு வரவே இல்லை.

"எடுக்கச் சொல்லோ பொறந்த வூட்டுக் கோடி எங்கன்னு கேட்டாங்கப்பா" என்றார் மாமா. "நான் இன்னா சொல்லுவேன்? ரூம்பு பூரா புடவை அடுக்கி வெச்சிக்கினு கீறேன். என் கடைத் துணிய உங்க வூட்டுத் துணின்னு எப்பிடிப் போத்துறது? சொல்லு. அவளுக்கு அடுக்குமா?"

"அப்புறம்?"

"அப்புறம் ஒருத்தி வந்தா. மாரியாயின்னு பேரு. தோ, மேல, கடைசி தோட்டத்து மேற்கணக்குல, மேல் பிரிவுல, கூலி ஆளுங்க லயத்து வூட்ல இருக்கறவ. கொழுந்து எடுக்கறவ. மழைல தொப்பலா நனைஞ்சிக்கினு வந்து நின்னா. மடியிலேர்ந்து ஒரு புதுப் புடவைய எடுத்தா. பொறந்த வூட்டுக் கோடி நான் கொண்டாந்திருக்கேன், போத்துங்கன்னா. போத்தினோம். அப்புறமாத்தான் எடுத்தோம். அதுக்குப் பதிலா வேற புடவை எடுத்துக்கம்மான்னேன். கோடிக்கு மாத்து வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு அந்த மழையிலேயே போய்ட்டா."

நியாயமாக எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. யார் இவள்? என் அக்காவுக்குப் பிறந்த வீடு நான் இல்லையா? மாமா என் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்தார். மஞ்சளைப் பார்த்ததும் அப்படியே மூடிவிட்டார். அதைச் சாம்பல் கரைத்த இடத்துக்கும் கொண்டுபோக முடியாது, வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுபோக முடியாது. விசாலத்தின் முன்னால் எந்த முகத்தோடு அதை நீட்டுவேன்?

காலையில் மாமாவிடம், அந்த மாரியாயியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"மோட்டார் ரோட்ல போனா சுத்து. பஸ்சும் கீழ்க்கணக்கோட நின்னுபூடும். உங்கக்கா போற வழி இருக்குது. ஆனா உன்னால முடியாதுப்பா. அது அவ கால்."

முடியாது என்று சொன்னால் எனக்கு ஆகாது. மாமா வழி சொன்னார். அக்கா மூட்டை கட்டுகிற சிவப்புக் கட்டம் போட்ட துணியைக் கொடுத்தார். அதில் என் புடவையை வைத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன்.

ஊர் முழுவதும் எனக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. கார்கள், குதிரைகள், பலூன். ஏரிக்கும் பூந்தோட்டத்துக்கும் உலகமுடிவு என்று பெயர் வைத்திருக்கிற பெரிய பள்ளத்துக்கும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியிருந்தார்கள். நான் சந்தைக்குப் பின்னால் சாக்கடையைத் தாண்டி, தைல மரங்களுக்குள் நுழைந்தேன். ஒரு கூப்பிடு தூரம் போனதும் சத்தம் எல்லாம் அடங்கியது. தண்ணீர் எங்கோ பீலிக் குழாயிலிருந்து விழுகிற ஓசை மட்டும். ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் தடம். அதில் இத்தனை வருஷமாக விழுந்த கால்களில் என் அக்காவின் காலும் ஒன்று.

அங்கே முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் வழி தவறி நின்றார்கள். ஒரு படத்தை விரித்து என்னிடம் காட்டி ஏதோ கேட்டார்கள். எனக்கு ஆங்கிலம் கடைப் பலகை வரைக்கும்தான். விரலால் தடத்தைக் காட்டி, அது படத்தில் எங்கே என்று சைகையில் கேட்டேன். அந்தப் பெண் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அவர்களைச் சத்தம் கேட்கிற பக்கம் திருப்பிவிட்டேன்.

மரங்கள் முடிந்து தேயிலை வந்தது. சரிவு முழுவதும் பெண்கள் முதுகில் கூடையோடு நின்றார்கள். நான் கீழே வளைவில் திரும்பியதும் மேலேயிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏய், புடவக்கார அக்கா வருதுடி!"

"அக்கோவ்! எங்க இத்தன நாளா ஆளையே காணோம்?"

அடுத்த வரிசையும் திரும்பியது. அதற்கு மேல் வரிசையும். கையை ஆட்டினார்கள். சிரித்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மூட்டை அவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் நான் செய்த காரியம் விளங்கியது. நின்றுவிட்டேன். ஒருத்தி செடிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். கிட்டே வந்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா மூட்டையாச்சே இது. நீங்க யாருங்க?"

"தம்பிம்மா. காஞ்சிபுரத்துலேர்ந்து வரேன்."

"பட்டு நெய்யிற தம்பியா! சொல்லிக்கிட்டே இருக்கும். அக்காவுக்கு ஒடம்பு தேவலையா இப்ப?"

"அக்கா போயிடுச்சும்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே இருந்தவர்களுக்கு அவள் எதுவும் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. கங்காணி தூரத்திலிருந்து அதட்டினார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்துச் செடியில் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டாள். கை தானாகப் போனது.

கொஞ்ச தூரம் போய், மூட்டையைப் பிரித்தேன். கட்டத் துணியைச் சுருட்டிச் சட்டையின் பக்கப் பைக்குள் அடைத்தேன். புடவையைச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துப் பொத்தான் போட்டேன். இன்னொரு சரிவிலிருந்து அக்காவை யாரும் கூப்பிட வேண்டாம்.

அதற்கு மேல் ஏற்றம். ஏற்றம் என்றால், படி இல்லாத கோபுரம். எங்கள் ஊர்க் கால் குழிக்குள் மிதிக்கப் பழகியது. மேலே தூக்கப் பழகவில்லை. தொடை நடுங்கியது. ஓடையின் மேல் ஒரே மரத்தைப் போட்டுவிட்டுப் பாலம் என்கிறார்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து தாண்டினேன். பார்ப்பதற்கு யாரும் இல்லாதது ஒரு வசதி. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றி அட்டைகள். பிய்க்கப் பிய்க்க ரத்தம் வடிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மலையை, அட்டையை, விசா பெஞ்சை, கடைசியில் அக்காவை. கடைசியாகச் சொன்னதற்காக அங்கேயே அழுதேன்.

மேட்டில் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம். சிங்களக் கணவனும் மனைவியும் மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். என் காலைப் பார்த்ததும் அந்த அம்மாள் உள்ளே போய்ச் சோப்புத் துண்டைக் கொண்டுவந்து தானே தேய்த்துவிட்டாள். சர்க்கரை இல்லாத தேத்தண்ணீர் கொடுத்தாள். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எனக்குக் காப்பிதான் பழக்கம். ஆனால் அந்தக் குளிரில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. பையிலிருந்து பிதுங்கிய கட்டத் துணியை அவள் தொட்டுப் பார்த்தாள். கணவனிடம் ஏதோ சொன்னாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார்.

"அந்த அம்மா இங்கதான் குந்தும். இவளும் குந்தும். இவளுக்குத் தமிழ் தெரியாது, அந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனா நிக்காம பேசும் ரெண்டு பேரும். எனக்குத்தான் ரெண்டும் தெரியும். என்னைக் கேக்கவே கேக்காது."

நான் வானத்தைக் காட்டினேன். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு காடு. முறுக்கிப் பிழிந்த மாதிரி மரங்கள், கிளை முழுக்கப் பாசி. சிலவற்றில் ரத்தச் சிவப்பில் பூ. பெயர் தெரியவில்லை. காட்டைத் தாண்டினால் புல்வெளி, கண்ணுக்கு எட்டிய வரை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அக்கா ஏன் ஊருக்கே வந்துவிடு என்று கூப்பிட்டபோதெல்லாம் வரவில்லை என்பது எனக்கு அங்கே புரிந்தது. மணிக்கணக்கில் தறி ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு நாடா தள்ளியவள், இங்கே வந்து இதையெல்லாம் காலால் அளந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம்தான் சொல்ல முடியாது.

அதற்குள் பனி இறங்கிவிட்டது. தடம் போய்விட்டது. பிறகு மழை. புல்லில் வழுக்கி விழுந்தேன், எழுந்தேன், திரும்பவும் விழுந்தேன். புடவையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் முகத்தில் அடி. ஒரு பாறையோரம் குந்தினேன். ஒரு பெண்பிள்ளை இந்த வழியாக, இந்த மழையில், மடியில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். போர்த்திவிட்டு உடனே இதிலேயே ஏறியும் போயிருக்கிறாள். முந்தின நாள் எனக்கு வந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பனி விலகியபோது, கீழே ஓட்டுக்கூரையில் புகை தெரிந்தது.

மாரியாயி லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க தம்பி" என்றாள். நான் யாரென்று கேட்கவில்லை.

"என்னைத் தெரியுமா?"

"மூக்கு அப்படியே அக்கா மூக்கு. உள்ள வாங்க. நனைஞ்சு போய் நிக்கிறீங்களே."

அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள். அவள் கணவர் தன் போர்வையை எடுத்து என் மேல் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். ரொட்டி தட்டிக் கொடுத்தாள். வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பல். "அரிசி கண்டு நாளாச்சு தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றேன். மிளகாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

சாப்பிட்ட பிறகு கேட்டேன். "எங்கக்காவ நீங்க கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

"போன அன்னிக்கி, வெள்ளிக்கெழம. எங்கள இந்தியாவுக்கே திருப்பி அனுப்புறாங்க தம்பி, பாஸ்போட்டு வந்துருச்சு. அதுக்குக் கைநாட்டு வைக்க டவுனுக்குப் போனோம். அக்கா ஆஸ்பத்திரில கெடக்குன்னு சொன்னாங்க. ஓடிப் போய்ப் பாத்தேன். பேச முடியல. மூச்சு இழுக்குது. ஆனாலும் பேசிச்சு."

"இன்னா சொல்லுச்சு?"

மாரியாயி அடுப்பு விறகைத் தள்ளிவிட்டாள். "எந்தம்பி வந்துக்கிட்டு இருப்பான், ஆனா வர்றப்ப நான் இருக்க மாட்டேன்னுச்சு. அவன் மேல தப்பில்ல, கடலைத் தாண்டணும், காயிதம் குடுக்கணும்ல, அப்படின்னுச்சு. கோடி ஒண்ணு மட்டும் வந்துட்டாப் போதும் மாரியாயி, பொறந்த வூட்டு ஆளு இல்லாதவன்னு சொல்லிட்டு எடுத்துரப் போறாங்கன்னுச்சு. அதுக்குத்தான் ரொம்ப அழுதுச்சு தம்பி. சாவுறதுக்கு அழுவல."

வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் வீட்டுக்கு வந்தேன். கப்பல்ல போறப்ப கட்டிக்கணும்னு அக்காகிட்டயே ஒரு புடவ வாங்கிப் பெட்டில வச்சிருந்தேன். கத்திரிப்பூ நெறம். மடிப்புக் கலைக்கல, மஞ்ச வைக்கல. கப்பலுக்கு ஏர்ற அன்னிக்கு வச்சுக்கலாம்னு வுட்டுட்டேன். அதான் கோடியா ஆச்சு. அக்கா ராவு தாண்டாதுன்னு தெரிஞ்சு, மறுநா விடியங்காட்டியும் கெளம்பிட்டேன். பெருமழ. மலையில ஒருத்தரும் இல்ல. திரும்பி வர்றப்ப நெறயப் பேரு அக்கா எப்படி இருக்குன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல தம்பி. தேவலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் வெயில் அடித்தது. சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவள் முன்னால் புடவையை வைத்தேன். ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரம்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "இது எதுக்கு? கோடிக்கு மாத்து வாங்கக் கூடாது. மாமாகிட்டயே சொன்னேன்."

"மாத்து இல்ல. மூலையப் பாரு."

விரித்துப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்ததும் கை நின்றது.

"எம் பொண்டாட்டி வெச்சா. எங்கக்கா உசுரோட இருக்கணும்னு வெச்சா. இத்த கோடியாவும் போத்த முடியாது, ஊட்டுக்கும் எடுத்துக்கினு போவ முடியாது. அக்காதான் கட்டணும். நீ பொறந்த வூட்டு ஆளுன்னு சொல்லித்தான கோடி போத்தின? அப்போ நீ எங்க வூட்ல பொறந்தவ. எனக்கு அக்கா. கட்டிக்க."

அவள் கணவர் வாசலிலிருந்து, "வாங்கிக்க புள்ள" என்றார்.

வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மயில்கழுத்து நிறம் வெயிலில் பச்சையும் நீலமுமாக மாறியது. லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள்.

"கப்பல்ல இத்தயே கட்டிக்கிறேன் தம்பி" என்றாள். பிறகு, "அங்க எங்களை எங்க கொண்டு போய் வைப்பாங்கன்னு தெரியல. மக இங்கயே இருக்கா, அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜான்னு குடுத்துட்டாங்க. என் ஆத்தா, அப்பன், கூடப் பொறந்தது எல்லாத்தயும் இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கு. அங்க போயிச் செத்தா எனக்குக் கோடி யாரு தம்பி கொண்டாருவா?"

"நான் கொண்டாருவேன்க்கா. எங்கருந்தாலும் சொல்லி அனுப்பு. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், சரசு தம்பின்னு கேட்டாப் போதும்."

"காஞ்சிபொரம், பிள்ளையார்பாளையம்" என்றாள். பிரார்த்தனை மாதிரி இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும்போது மோட்டார் ரோடு பக்கம் போகவில்லை. அதே தடத்தில்தான் இறங்கினேன். கட்டத் துணியைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. சரிவுகளில் பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு, நான் வளைவைத் தாண்டுகிறவரை நின்றார்கள்.

மாமாவை என்னோடு வந்துவிடச் சொன்னேன். அவள் நடந்த ஊரை விட்டு வர மாட்டேன் என்றார். காரியம் முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

தலைமன்னாரில் அதே சுங்க அதிகாரி. பெட்டியைத் திறந்தார். வேட்டி, சட்டை, காலித் தூக்கு, சிவப்புக் கட்டம் போட்ட ஒரு பழைய துணி. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் பட்டு எங்க காணும்?"

"அக்காவுக்குக் குடுத்துட்டேன் சார்."

"அக்கா அதைக் கட்டினவவோ?"

"கட்டிக்கினாங்க சார்."

"நல்லது. இப்ப சுகமோ?"

"சொகமா இருக்காங்க. கூடிய சீக்கிரம் இந்தியாவுக்கு வராங்க."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியில் கோடு போட்டார். நான் கப்பலில் ஏறி, யாரும் இல்லாத பக்கமாகப் போய், கட்டத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.